ஒரு ‘யு’ வெளியேறிய கதை

‘ஹானர்’, ‘கலர்’, ‘லேபர்’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் ஈற்றில், ‘ஆர்’ என்னும் எழுத்துக்கு முன் ஒரு ‘யு’ வர வேண்டுமா? பிரிட்டிஷ் முறையில் உண்டு, அமெரிக்க முறையில் இல்லை என்று சொல்லிப் பாடநூல்கள் நகர்ந்துவிடுகின்றன. அந்த ‘யு’வை நீக்கியவராகப் பேசப்படும் நோவா வெப்ஸ்டர், முதலில் அதற்காக வாதாடியவர் என்பதை அவை சொல்வதில்லை.

லத்தீனில் இவ்வகைச் சொற்களுக்கு ‘யு’ கிடையாது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாக அது நுழைந்தது. பிறகு பல நூற்றாண்டுகள் இரு வடிவங்களும் சச்சரவின்றி அருகருகே வாழ்ந்தன. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பிலேயே இரண்டையும் காணலாம். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தது. இச்சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்தே வந்தவை என்பது அவர் கட்சி. ஆகவே ‘எரர்’, ‘ஹாரர்’, ‘எம்பரர்’ ஆகியவற்றுக்கும் ‘யு’வை வழங்கினார். இம்மூன்றிலும் பிரிட்டிஷாரே பிற்பாடு அதைக் கைவிட்டனர். ‘மியூசிக்’ என்பதன் இறுதியில் அவர் வைத்த ‘கே’யும் அவ்வாறே உதிர்ந்தது. (‘அப்ஹில்’லுக்கு இரண்டு ‘எல்’லும் ‘டௌன்ஹில்’லுக்கு ஒன்றும் தந்த மேதை அவர்!)

1783இல் வெப்ஸ்டர் அமெரிக்கப் பிள்ளைகளுக்கென ஓர் எழுத்துக்கூட்டல் நூல் வெளியிட்டார். அதன் முன்னுரையில், ‘யு’வை விட்டு எழுதுவோரைத் தனித்துத் தெரிய விரும்பும் பண்டிதர்கள் என்று சாடினார். ஆறே ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 1789இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குக் காணிக்கையாக்கிய நூலில், ஒலிக்காத எழுத்துகளை ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். கற்பது எளிதாகும், தனி நாட்டுக்குத் தனி மொழி அமையும் என்பவற்றோடு இன்னொரு காரணமும் சொன்னார்: அமெரிக்க எழுத்துமுறையை இங்கிலாந்து அச்சகங்கள் பின்பற்றமாட்டா, ஆகவே நூல்களை உள்நாட்டிலேயே அச்சிட நேரும். தேசபக்தியின் பின்னே அச்சுத்தொழிலின் கணக்கும் இருந்ததை அவர் மறைக்கவில்லை. அந்த வெளிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது.

1806ஆம் ஆண்டு அகராதியில் ‘யு’ போயிற்று. ‘சென்டர்’ என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளும் இடம் மாறின. ‘ஏக்கர்’ இன்றும் பழைய வடிவிலேயே நிற்கிறது; அதில் ‘சி’யை அடுத்து ‘இ’ வந்தால் ககர ஒலி சகரமாகிவிடும். ‘மெடிசின்’, ‘டிடெர்மின்’ ஆகியவற்றின் ஈற்று ‘இ’யையும் வெப்ஸ்டர் வெட்டிப் பார்த்தார். வாசகர்கள் ஏற்கவில்லை. 1828இல் 70,000 சொற்களோடு வந்த பேரகராதியில் அது திரும்பிவிட்டது.

1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் எளிய வடிவங்களை அரசு அச்சகத்தின் மேல் சுமத்தினார். அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே எதிர்த்துத் தீர்மானம் போட, ஆணை திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில் இருந்த ‘ஹானர்’ அமெரிக்காவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால் தப்பித்தது. ‘த்ரூ’வின் ஈற்றில் ஒலியின்றி நிற்கும் ‘ஜி’யும் ‘எச்’சும் இரு நாட்டுப் பாடநூல்களிலும் இன்னும் இருக்கின்றன.