பெயர் ஒன்று, பிறப்பிடம் வேறு

மலர்களுக்கு வழங்கும் பெயர்கள் யாவும் அவற்றின் வரலாற்றை உள்ளபடி உரைப்பன அல்ல. இதற்குத் தக்க சான்று, ஐரோப்பியத் தோட்டங்களில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றப்பட்டு வரும் ‘கெர்ன்சி லில்லி’ என்னும் செம்மலராகும். வெங்காயம் போன்ற அதன் கிழங்கினின்று, இலை தோன்றுமுன்னரே ஒரு தண்டு எழும். அதன் உச்சியில் மலர்கள் கொத்தாகப் பூக்கும். ஏனைய செடிகள் வாடி ஓயும் கூதிர்க்காலத்தில் பூப்பதால், குளிர்நாட்டார் இதனைப் பெரிதும் விரும்பினர்.

கெர்ன்சி என்பது பிரெஞ்சுக் கரையை அடுத்துள்ள ஒரு சிறு தீவு. அங்கு இம்மலர் வந்த கதையை, 1680-இல் ராபர்ட் மாரிசன் என்னும் தாவர நூலார் எழுதி வைத்தார். ஜப்பானிலிருந்து திரும்பிய கப்பலொன்று அத்தீவினருகே உடைந்தது. கிழங்குகளை அலைகள் கரையில் ஒதுக்கின. அவை மணலில் வேரூன்றிப் பூத்தன என்பது கதை. கேட்க இனிய கதையாதலின், பலரும் ஆராயாது ஏற்றனர். 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டபோதும், அத்தீவுக்குரியதாகக் கருதப்பட்ட ‘சார்னியா’ என்னும் பழம்பெயரையே செடியின் பெயரில் அமைத்தார்.

உண்மை யாது? 1634-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் இம்மலர் பூத்ததை, மறு ஆண்டு வெளிவந்த தமது நூலில் ழாக் கோர்னூ குறித்துள்ளார். அவரும் இதனை ஜப்பானிய மலரென்றே எழுதினார். பார்வைக்கு இதனை ஒத்ததாய், இலையின்றிக் கூதிரில் பூக்கும் செம்மலர் ஒன்று ஜப்பானில் இருப்பதும் மயக்கத்தை வளர்த்தது. ஆனால், கியூ தோட்டத்திலிருந்து 1772-இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற பிரான்சிஸ் மாசன், அங்குள்ள மேசை மலையில் இது தானே வளர்ந்து நிற்பதைக் கண்டார். கிழக்கே சென்று மீளும் கப்பல்கள் தண்ணீர் வேண்டி அம்முனையில் தங்குவது வழக்கம். அங்கே எடுத்த கிழங்குகள் கீழ்நாட்டுச் சரக்கோடு சேர்ந்து வந்து, ஜப்பானியப் பெயர் பெற்றன எனக் கொள்வதே பொருந்தும்.

உண்மை வெளிப்பட்ட பின்னரும் கதை ஒழிந்ததோ எனின், இல்லை. 1820-இல் வில்லியம் ஹெர்பர்ட், கப்பற் கதையை நினைவூட்டும் வகையில், ‘நெரைன்’ என்னும் கடலணங்கின் பெயரை இவ்வினத்துக்குச் சூட்டினார். மலையிற் பிறந்த செடி இன்றும் கடலின் பெயரையே தாங்கி நிற்கின்றது!

பிறப்பிடம் எதுவாயின் என்ன என்று சிலர் கேட்கலாம். செடி வளர்ப்போனுக்கு அதுவே முதற்கேள்வியாகும். மேசை மலைப் பக்கத்தில் கோடை வறண்டது. மழை குளிர்காலத்தில் பெய்வது. ஆதலின் இக்கிழங்கு கோடையில் உறங்கிக் குளிர்காலத்தில் இலை விடும். உறைபனியைப் பெரும்பாலும் அறியாத நிலத்தில் வாழும் நாம் ஒன்றை உணர வேண்டும்: இங்கிலாந்தில் இலை வளரும் அக்காலமே பனி உறையும் காலம். இலை கருகினால் கிழங்குக்கு உணவில்லை. உணவில்லையேல் மறு ஆண்டு மலரில்லை. ஆகவே, கண்ணாடி மனையில் தொட்டியில் நட்டு, கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேல் நிற்க விட்டு, கோடையில் நீர் நிறுத்தி, தண்டு தோன்றியபின் நீர் வார்த்து, குளிர்காலம் முழுதும் ஒளி தந்து காக்கின்றனர்.

இவ்வினத்திலேயே மற்றொன்று, தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில், கோடை மழை பெறும் மலைச்சாரல்களில் பிறந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த நில அளவையாளர் கார்னிஷ் பௌடன், அதன் கிழங்குகளை இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்திலிருந்த தம் தாயாருக்கு அனுப்பினார். 1904-இல் அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. குளிர்காலத்தில் இலையின்றி உறங்குவதாதலின், வெயில் படும் சுவரடியில், திறந்த வெளியிலேயே அது நிலைத்துப் பூக்கின்றது.

ஒரே குலத்து இரு கிழங்குகள்; ஒன்றுக்குக் கண்ணாடி மனை, மற்றொன்றுக்குச் சுவரடி. இவ்வேறுபாட்டை விளக்கியது அலையும் கப்பலும் அன்று. அவை பிறந்த மண்ணைப் பற்றிய அறிவே. கதையைக் கேட்டு மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் ஓர் உயிரை வளர்க்கப் புகுவோர், அது எங்குப் பிறந்தது, எவ்வாறு வாழ்ந்தது என்பதை ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.