ஒரகடம் சாலையில் ஒரு லிட்டர்

1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரலில், பின்வாங்கிய பிரிட்டிஷார் யேனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே தகர்த்துவிட்டுப் போனார்கள். பர்மா எண்ணெய் நின்றுபோனதும் சென்னை மாகாணத்து பஸ் முதலாளிகளுக்கு இரண்டே வழி மிஞ்சியது. வண்டியை ஷெட்டில் போட வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

பலர் ஓட்டினார்கள். பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கலன். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, காற்றை அளவாகத்தான் விடுவார்கள். போதிய காற்று கிடைக்காத கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அந்த வாயுவைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் செய்த வேலையை அது ஏறக்குறைய செய்யும். ஏறக்குறையதான். எஞ்சினின் இழுவையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும், சில வண்டிகளில் பாதியே போய்விடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதிகாலையில் டிரைவர் வருவதற்கு முன்பே கிளீனர் வந்து கரி நிரப்பி, ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பைப் பிடிக்கவைக்க வேண்டும். பாதி வழியில் இறங்கிக் கம்பியால் கிளறிச் சாம்பலைத் தள்ள வேண்டும். சட்டை, முகம், நகக்கண் எல்லாம் கரி. அந்த வாயு மூச்சில் ஏறினால் ஆளைச் சாய்த்துவிடும் என்பது வேறு. எரிபொருள் சிக்கனத்தின் விலையை அன்று கொடுத்தது அந்தக் கிளீனர் பையனின் உடம்பு. கரி பஸ்ஸைப் பற்றிய சிரிப்புக் கதைகளில் இந்த உண்மை மறைந்துபோகிறது.

அந்தக் கலனைச் செய்து கொடுத்துப் பேர்பெற்றவர் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911இல் தொழிலில் இறங்கியவர். நேரம் தவறாத பஸ்களுக்காக அறியப்பட்ட அவருடைய நிறுவனம், போர்க்காலத்தில் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கலன்கள் பழைய இரும்புக்குப் போயின. ஒரு லிட்டரில் இன்னும் கொஞ்ச தூரம் எப்படிப் போவது என்ற கேள்வி மட்டும் தமிழ்நாட்டுப் பட்டறைகளை விட்டுப் போகவே இல்லை. அந்தக் கேள்வி இன்று குடியிருக்கும் இடங்களில் ஒன்று, சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டை.

கரி பஸ் ஓடிய காலத்தில் இந்தப் பட்டை ஏரிப் பாசன நெல் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். ஸ்ரீபெரும்புதூருக்கு ராமானுஜர் பிறந்த ஊர் என்ற பெருமை ஒன்று போதுமாக இருந்தது. போருக்குப் பிறகு கனரக வாகனத் தொழில் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் வேர்விட்டது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுத்தது. 1950இல் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் போட்டது. 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. லேலண்ட் கொண்டுவந்தது டீசல். காற்றை இறுக்கி அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கும் எஞ்சின் அது. அதே சுமையை அதே தூரம் இழுக்க பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவான எண்ணெயே போதும். லாரியும் பஸ்ஸும் டீசலுக்கு மாறியதுதான் போருக்குப் பிந்தைய தமிழ்நாட்டின் மிகப் பெரிய எரிபொருள் சிக்கனம். யாரும் அதை அந்தப் பெயரில் சொல்லவில்லை.

டீசல் எஞ்சினின் உயிர் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பிலும் அதைத் தூவும் நாசிலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் எந்த லாரிப் பேட்டைக்குப் போனாலும் 'டீசல் பம்ப் சர்வீஸ்' என்றொரு பலகை தொங்கும். மற்ற பட்டறைகளைப் போல் அது கிரீஸும் மண்ணுமாக இருக்காது. கண்ணாடித் தடுப்பு போட்டு, தூசி அண்டாமல் வைத்திருப்பார்கள். மெக்கானிக் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்துவார். எண்ணெய் பனிபோல் சீராகத் தூவ வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து பீச்சினாலோ நுனியில் ஒரு சொட்டு நின்றாலோ அந்த நாசில் கதை முடிந்தது. அந்த ஒரு சொட்டுதான் எஞ்சினுக்குள் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியே போவது. 'வண்டி ரொம்பக் குடிக்குது' என்று வரும் டிரைவருக்கு மெக்கானிக் முதலில் பார்த்துக் கொடுப்பது இதைத்தான். இன்னொரு ரக டிரைவரும் உண்டு. இழுவை பத்தவில்லை, பம்பில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிவிடு என்பார். திருகினால் பிக்கப் ஏறும், புகையும் ஏறும், மைலேஜ் இறங்கும். திருகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஸ்க்ரூவுக்கு சீல் வைத்து அனுப்புகிறார்கள்.

அந்தப் பம்புகளைச் செய்யும் ஆலைகளில் ஒன்று ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய மண்ணூரில் இருக்கிறது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். வழிவந்தது. லூகாஸின் டீசல் பிரிவை 2000இல் அமெரிக்காவின் டெல்ஃபி வாங்கிய பிறகு டெல்ஃபி-டி.வி.எஸ். என்று பெயர் பெற்றது. பின்னர் ஒரகடத்திலும் ஓர் ஆலை வந்தது, காமன் ரயில் கருவிகளுக்காக. பழைய பம்பில் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அழுத்தம் ஏறும். காமன் ரயிலில் எண்ணெய் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறக்கூடிய அழுத்தத்தில் ஒரு குழாய்க்குள் காத்திருக்கும், எப்போது எவ்வளவு தூவ வேண்டும் என்பதைக் கணினி சொல்லும். நாசிலின் துளை தலைமயிரின் பருமனுக்கு வந்துவிட்டது. மதுரையில் கரியடுப்பை பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிய அதே குழுமத்தின் பெயர், மைக்ரான் கணக்கில் இரும்பைக் குடையும் ஆலையின் வாசலில் இருக்கிறது. இந்தத் தொடர்ச்சியைத் தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

டீசல் மோகம் இரண்டு சக்கரத்தையும் விடவில்லை. ஒரகடத்தில் 2013 முதல் புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு, அதற்கு முன் திருவொற்றியூரில் இருந்த காலத்தில், 'டாரஸ்' என்று ஒரு டீசல் புல்லட்டை விற்றது. 325 சிசி, கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின், ஆறரைக் குதிரைத்திறன். பம்ப்செட்டிலும் ஜெனரேட்டரிலும் ஓடும் ரகத்து எஞ்சின் அது. கம்பெனிக்கு வெளியே, ஊர்ப் பட்டறைகளிலும் பழைய புல்லட்டில் இத்தகைய எஞ்சினை ஏற்றிக் கொடுத்தார்கள். கிழவன் நடைதான், 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கைப்பிடி முதல் மிதி வரை அதிரும். ஆனால் லிட்டருக்கு எழுபது கிலோமீட்டரைத் தொட்டது, அதுவும் பெட்ரோலைவிட வெகு மலிவான டீசலில். பால்காரர்களும் விவசாயிகளும் அதைத் தேடி வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. புகை விதிகள் இறுகிய 2000ஐ ஒட்டி அதன் உற்பத்தி நின்றது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் வந்தது ஹூண்டாயோடு. 1996இல் அடிக்கல், 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ. அதன் கூரை உயரத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். பேசப்பட வேண்டியது பானெட்டுக்குள் இருந்தது. சாலையில் ஓடிய சிறிய கார்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரோடு இருந்தபோது சான்ட்ரோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் தூவும் இன்ஜெக்டர். கார்புரேட்டர் வண்டியில் காலையில் சோக் இழுத்து, ஸ்க்ரூவை டியூன் செய்து மைலேஜைத் தேடியது மெக்கானிக்கின் காது. அந்த வேலையை ஒரு சிறிய பெட்டி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதிக்கு யூரோ புகை விதிகளை முன்கூட்டிக் கட்டாயமாக்கியதும், மற்ற கம்பெனிகளும் அவசரமாக இன்ஜெக்டருக்கு மாறின.

பிறகு வந்த டீசல் கார் அலையைச் சிக்கனம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையை அவிழ்த்துவிட்டு டீசல் விலையை மட்டும் பிடித்து வைத்தது. 2012 ஜூலையில், ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையில் தயாரான டஸ்டர் கடைக்கு வந்தபோது, இரண்டுக்கும் இடையில் லிட்டருக்கு 25 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் டிராக்டருக்கும் என்று அரசு மானியம் கொடுத்த எண்ணெய், வசதியுள்ளவர்களின் டேங்குக்குள் போனது. வீட்டுக் கணக்கில் மிச்சம், நாட்டுக் கணக்கில் இல்லை. 2013 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் ஐம்பது பைசா வீதம் டீசல் விலையை ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் முழுக்க அவிழ்த்துவிட்டார்கள். வித்தியாசம் சுருங்கியது, மோகமும் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது ரெனோ டீசலையே கைவிட்டது.

விளம்பரத்தில் அச்சாகும் மைலேஜ் எண் எப்படிப் பிறக்கிறது என்பதும் இந்தப் பட்டையில் காணக்கூடிய விஷயம்தான். மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் அமைந்த வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இருக்கிறது. இத்தகைய மையங்களில் காரை ரோலர்மேல் நிறுத்தி, சுமார் இருபது நிமிடம், குறித்த வேகங்களில், உச்சமாக 90 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டுவார்கள். எதிர்க்காற்று வீசாது, மேடு பள்ளம் கிடையாது, ஏ.சி. அணைந்திருக்கும். டேங்கில் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதில்லை. சைலன்சர் புகையைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு, எரிந்த பெட்ரோலைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் நன்றாக உதவும். மே மாத வெயிலில், சுங்குவார்சத்திரத்து லாரி வரிசைக்கு நடுவே, ஏ.சி. போட்டு ஊர்கிறவர் அதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்.

டயரைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. ஒரகடத்தில் அப்பல்லோ 2010இல் வந்தது, ஜே.கே., சியட் ஆலைகளும் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வந்தன. லாரிக்காரர்கள் வெகுகாலம் 'நைலான்' என்று அவர்கள் சொல்லும் பழைய குறுக்கிழை டயரை விடவில்லை. ரேடியல் டயர் லேசாக உருளும், டீசல் மிச்சமாகும் என்பது தெரியும். ஆனால் விலை அதிகம், அளவுக்கு மீறிய பாரத்தை நைலான் பொறுத்துக்கொள்ளும். அதிகப்பாரத்தின் மேல் பிடி இறுகி, நாற்கரச் சாலைகளும் வந்த பிறகே லாரி ரேடியலுக்குக் காலம் பிறந்தது.

இத்தனை கருவிகளைச் செய்யும் இடத்தில், அவற்றையெல்லாம்விட எண்ணெயை மிச்சம் பிடிப்பது ஷிஃப்ட் பஸ். காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம் சுமார் 35 கிலோமீட்டர். ஐம்பது பேரோடு போகும் கம்பெனி பஸ் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால், ஒரு வழிக்கு ஒன்பது லிட்டருக்குள் முடியும். அதே ஐம்பது பேர் ஆளுக்கொரு பைக்கில், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் வீதம் வந்தால் 35 லிட்டர். ஆளுக்கொரு காரில் வந்தால் நூறைத் தாண்டும். காமன் ரயிலோ ரேடியலோ எதுவும் இப்படி நான்கில் மூன்று பங்கை மிச்சப்படுத்தியதில்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தியைத் தொடங்கியபோது இந்தப் பஸ்கள்தான் செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம் பக்கத்துப் பெண்களை வேலைக்குக் கொண்டுவந்தன. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடியது. பஸ்கள் வேறு ஆலைகளுக்கு ஓடின.

ஆனால் இதிலும் விலை கொடுப்பவர் உண்டு. ஏ ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கு ஆலையில் இருக்க வேண்டிய பெண், செய்யாற்றில் மூன்று மணிக்கே எழ வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் பயணம். அருகில் தங்கலாம் என்றால் விடுதிகளின் நிலை என்ன என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. விடுதி உணவு நஞ்சாகி ஃபாக்ஸ்கான் கைபேசி ஆலைத் தொழிலாளிகள் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக, தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம், 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. ஊருக்கு ஊர் மணிக்கணக்கில் ஓட வேண்டிய பயணம் அங்கே தங்குகிறவர்களுக்குச் சில கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. காரும் லாரியும் டயரும் கண்ணாடியும் கைபேசியும் செய்யும் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ரயில் நிலையம் கிடையாது. இங்கே தயாராகும் கார்கள் வாலாஜாபாத் வரை சாலையில் போய், அங்கே சரக்கு ரயிலில் ஏறி வடக்கே போகின்றன. அவற்றைச் செய்கிறவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை, ரயில்வேயின் திட்டப் பட்டியலில் பத்தாண்டுக்கு முன்பே ஏறிவிட்டது. பூந்தமல்லியிலிருந்து மெட்ரோவைப் பரந்தூர் வரை நீட்டும் யோசனையும் பேச்சில் இருக்கிறது. இவற்றில் ஒன்றாவது தண்டவாளமாக வேண்டும். அதுவரை சி ஷிஃப்ட் முடித்தவர்கள் ஒரகடம் கூட்டுச் சாலையில் பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும்.