குடிநீர்க் குழாய்களைக் கூறு போட்ட கதை

ஒரு நகரத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் என்ன செய்வார்கள்? புதிய அணை கட்டுவார்கள். அல்லது இன்னும் தொலைவில் உள்ள ஆற்றிலிருந்து குழாய் பதிப்பார்கள். ஆனால் ஏற்கனவே வந்துகொண்டிருக்கும் தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை அளந்து பார்த்து விடை கண்ட முன்னோடி நகரம் இங்கிலாந்தின் லிவர்பூல். இன்று உலகின் பல குடிநீர் வாரியங்கள் பின்பற்றும் மண்டல முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

லிவர்பூலின் தாகம்

19ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பசியோடு கப்பலேறிய ஏராளமானோர் இங்கேதான் வந்து இறங்கினார்கள். நெருக்கமான சந்துகள், தரைக்குக் கீழே நிலவறை வீடுகள், அடிக்கடி வந்த காலரா. இதுதான் ஏழைகளின் லிவர்பூல்.

தனியார் கம்பெனிகளிடம் இருந்த தண்ணீர் விநியோகத்தை நகராட்சி 1840களின் கடைசியில் தன் கைக்குக் கொண்டுவந்தது. ரிவிங்டன் மலைப்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அதுவும் போதவில்லை. 1860களில் மழை பொய்த்தபோது, நாள் முழுவதும் வந்த தண்ணீர் சில மணி நேரம் மட்டும் வரத் தொடங்கியது.

விட்டு விட்டு வரும் தண்ணீர் வெறும் தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் இல்லாதபோது அதே ஓட்டை வழியாக மண்ணில் ஊறிய சாக்கடை நீர் உள்ளே வரும். காலராவைக் கண்ட ஊருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

டீக்கன் செய்த வேலை

1871ல் ஜார்ஜ் ஃப்ரெடரிக் டீக்கன் லிவர்பூலின் பொறியாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30 கூட நிரம்பவில்லை. நகரத்துக்குள் நுழையும் தண்ணீரில் பெரும்பகுதி யாருடைய தொண்டையையும் நனைக்காமல் மண்ணுக்குள் போகிறது என்பது தெரிந்த விஷயம்தான். எந்தத் தெருவில், எந்த வீட்டில் போகிறது என்பதுதான் தெரியவில்லை. ஊர் முழுவதையும் தோண்டிப் பார்க்க முடியுமா?

டீக்கன் நகரத்தைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மண்டலத்துக்கும் தண்ணீர் ஒரே வழியாக மட்டும் நுழையும்படி, பக்கத்து மண்டலத்தோடு இணையும் வால்வுகள் மூடப்பட்டன. நுழையும் இடத்தில் 1873ல் அவர் கண்டுபிடித்த மீட்டர் பொருத்தப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. கீழே போகப் போக விரியும் ஒரு குழாய்க்குள் மெல்லிய கம்பியில் ஒரு வட்டத்தட்டு தொங்கும். தண்ணீர் வேகமாக ஓடினால் தட்டு கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும். கம்பியோடு சேர்ந்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் காகிதத்தில் கோடு போடும். எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதைக் காகிதமே சொல்லிவிடும்.

இரவு சொல்லும் உண்மை

இந்த முறையின் உயிர் இரவில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி ஊர் தூங்கும் நேரத்தில் யாரும் அதிகம் தண்ணீர் பிடிப்பதில்லை. அப்போதும் ஒரு மண்டலத்துக்குள் நிறைய தண்ணீர் ஓடினால் அதில் பெரும்பகுதி கசிவுதான்.

அப்படிப்பட்ட மண்டலத்துக்கு இரவில் ஆய்வாளர்கள் போவார்கள். வீட்டு இணைப்பு வால்வின் மேல் இரும்புக் கம்பியை வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். ஓசை கேட்டால் வால்வை மூடி நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். காலையில் மீட்டர் காகிதத்தோடு ஒப்பிட்டால், எந்த வீட்டை மூடியபோது கோடு எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொரு மண்டலமாகக் கசிவு அடைக்கப்பட, லிவர்பூலுக்கு மீண்டும் நாள் முழுவதும் தண்ணீர் கிடைத்தது.

ஆனாலும் வளரும் நகரத்துக்குச் சிக்கனம் மட்டும் போதவில்லை. 1881ல் வேல்ஸ் நாட்டில் விர்ன்வி அணையின் வேலை தொடங்கியது. அதன் பொறியாளர்களில் ஒருவர் இதே டீக்கன். லான்விதின் என்ற கிராமம் தேவாலயத்தோடு நீருக்குள் போனது. கல்லறைகளில் இருந்தவர்களின் எலும்புகள்கூட வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் அந்தத் தண்ணீர் லிவர்பூலை அடைந்தது. ஒரு நகரம் வீணாக்கும் தண்ணீருக்கு இன்னொரு ஊர் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு லான்விதின் ஒரு சாட்சி.

நூறு ஆண்டுகள் கழித்து

1980ல் பிரிட்டனில் வெளியான கசிவுக் கட்டுப்பாடு பற்றிய அறிக்கை மண்டல அளவீட்டு முறைக்குப் புது உயிர் கொடுத்தது. 1995 வறட்சியில் யார்க்‌ஷயருக்கு லாரிகளில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதன் பிறகு தண்ணீர்க் கம்பெனிகளுக்குக் கசிவு இலக்குகள் கட்டாயமாயின. இப்போது ஒரு மண்டலம் பொதுவாக 500 முதல் 3000 இணைப்புகள் கொண்டதாக அமைக்கப்படுகிறது. இரும்புக் கம்பியின் இடத்தில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் இரவு ஓட்டத்தைப் பார்க்கும் கணக்கு மாறவில்லை.

இதன் பயனைக் காட்டும் நகரம் கம்போடியாவின் நாம்பென். 1975ல் கெமர் ரூஜ் படைகள் மக்களை விரட்டிக் காலி செய்த நகரம் அது. 1993ல் எக் சொன் சான் குடிநீர் வாரியத்தின் பொறுப்பை ஏற்றபோது, அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கசிவாலும் திருட்டாலும் கணக்கில் வராமல் போனது. அவர் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் மீட்டர் வைத்தார், பெரிய மனிதர்களிடமும் கட்டணம் வசூலித்தார், பழைய குழாய்களை மாற்றினார். ஜப்பானின் கிட்டக்யூஷு நகரத்தின் உதவியோடு குழாய் வலையைப் பகுதி பகுதியாகக் கண்காணிக்கும் முறையும் வந்தது. சுமார் 15 ஆண்டுகளில் இழப்பு 6 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கும் 24 மணி நேரத் தண்ணீர் கிடைத்தது. 2006ல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

மண்டலம் பிரிப்பது மட்டும் கசிவை அடைத்துவிடாது. எல்லை வால்வு ஒன்றை யாராவது திறந்து வைத்துவிட்டால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும். தினமும் மீட்டரைப் பார்க்க ஆள் வேண்டும், பார்த்ததும் குழியைத் தோண்ட ஆள் வேண்டும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடும் வழியைத்தான் டீக்கன் காட்டிக்கொடுத்தார்.