ஐந்து மணி விசில்

என் விசில் பித்தளையில் செய்தது. உள்ளே ஒரு தக்கை உருண்டை. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 31 வருடம் பிசிகல் டைரக்டராக இருந்தேன். பையன்கள் வாயில் வெறும் 'பி.டி. சார்'. காலை ஐந்து மணிக்கு விடுதி வாசலில் நின்று ஊதுவேன். மூன்றாவது ஊதலுக்குள் மைதானத்துக்கு வராதவனுக்கு இரண்டு சுற்று கூடுதல். அது நானே போட்ட சட்டம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றுப் படிக்க உட்கார்ந்த பிறகுதான், அது என் தொழிலுக்கே வழிவழியாக வந்த பழக்கம் என்று புரிந்தது.

எங்கள் தொழிலுக்கு இந்த நாட்டில் தாய்வீடு நந்தனம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. அவர் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், 1891-ல் கூடைப்பந்து பிறந்த அதே பள்ளியில். ஆட்டம், அளவுகோல், கால அட்டவணை எல்லாம் அந்த வழியில் வந்தன. ஆனால் வீரன் என்ன தின்ன வேண்டும், எவ்வளவு தூங்க வேண்டும் என்ற கேள்வி அங்கேயே பல காலம் கேட்கப்படாமல் கிடந்தது. உடம்பை வாட்டினால் உறுதி வரும் என்பது அங்கும் வேதம், இங்கும் வேதம்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஓடிய காலத்தில் பயிற்சிக்கு நடுவே குடிக்கக் கூடாது. "வாய் கொப்பளிச்சுத் துப்பு, முழுங்காதே, வயிறு பிடிச்சுக்கும்." நானும் என் பையன்களிடம் அதையே சொன்னேன். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1954-ல் பேர் பிரையண்ட் என்ற பெரும் பயிற்சியாளர், டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பையன்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு ஓட்டிப் போனார். கொடிய வறட்சி, வெயில். பத்து நாள் பயிற்சியில் தண்ணீருக்கு இடைவேளையே இல்லை. பாதிக்கு மேல் ஓடிப்போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களைப் பிற்பாடு வீரக்கதையாக்கிப் புத்தகமும் எழுதினார்கள், படமும் எடுத்தார்கள். ஓடிப்போனவர்களுக்குத்தான் புத்தி இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழக்கத்தை உடைத்தது ஒரு மூத்திரக் கேள்வி. 1965-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டுவெய்ன் டக்ளஸ் என்ற உதவிப் பயிற்சியாளர், ஆட்டத்தின்போது நம் பையன்கள் ஏன் ஒன்றுக்கே போவதில்லை என்று சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார். குடித்ததெல்லாம் வியர்வையாகவே போய்விட்டால் மிச்சம் ஏது? ஒரே ஆட்டத்தில் எட்டு கிலோ வரை எடை இழந்தவர்கள் உண்டு. கேடும் கூட்டாளிகளும் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு பிழியச் சொன்னவர் கேடின் மனைவி மேரி. அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்தின் பெயர் கேட்டரேட். பாட்டி கலக்கிய உப்பு போட்ட நீர்மோர் இதுதானே என்று மார்தட்ட ஆசைதான். ஆனால் அந்தப் பாட்டியின் பேரன், மைதானத்தில் ஒரு பையனுக்கும் மோர் ஊற்றவில்லையே.

அடுத்தது சோறு. "சோறு தின்னா மந்தம், கறி தின்னு" என்பது எங்கள் பல்லவி. அமெரிக்கக் கல்லூரிகளிலும் ஆட்டத்துக்கு முன் பெரிய மாட்டிறைச்சித் துண்டுதான் மரபாக இருந்தது. இதை அசைத்தவர்கள் ஸ்டாக்ஹோம் மருத்துவர்கள் பெர்க்ஸ்ட்ரமும் ஹுல்ட்மனும். 1966-ல் இருவரும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்து, அந்தக் காலைச் சக்கையாக்கினார்கள். மறு கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. தொடைக்குள் ஊசி விட்டுச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து சும்மா இருந்த காலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. உழைத்த தசைதான் மாவுச்சத்தை வாரி எடுத்து வைத்துக்கொள்கிறது. தங்கள் தொடையிலேயே ஊசி ஏற்றிப் பார்த்த அந்த இருவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

என் விடுதியில் கணக்கு வேறு. இரவு ஏழரைக்குச் சாப்பாடு, காலை எட்டரைக்கு இட்லி. நடுவே ஐந்திலிருந்து ஏழு வரை ஓட்டம். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, அவித்த முட்டை ஒன்று. அதுவும் பல்கலைக்கழகப் போட்டிக்கு முன் நடக்கும் பதினைந்து நாள் கேம்ப்பில் மட்டும். நான் கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கும்வரை முட்டை வராது. பணக்கார நாட்டிலும் இந்தக் கஞ்சத்தனம் இருந்ததென்று படித்தபோது எனக்கு ஒரு அற்ப நிம்மதி. அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. சாப்பாட்டுக்கு எல்லை கட்டியிருந்தது. பேகல் ரொட்டி கொடுக்கலாம், மேலே பாலாடைக்கட்டி தடவினால் விதிமீறல் என்ற அளவுக்குப் போயிருந்தது. 2014 ஏப்ரலில் கனெக்டிகட் கூடைப்பந்து அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அந்த அணிதான் அந்த வருடச் சாம்பியன். அதே மாதத்தில் வரம்பில்லாத உணவுக்கு வழி திறந்தார்கள்.

கடைசியாக வந்தது தூக்கம். காசே வேண்டாத ஒன்று ஏன் கடைசியில் வந்தது என்று யோசித்திருக்கிறேன். மோருக்கும் முட்டைக்கும் நிர்வாகம் பணம் தர வேண்டும். தூக்கத்துக்கோ பயிற்சியாளன் தன் விசிலை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் கடினம்.

ஸ்டான்ஃபோர்டில் செரி மா என்ற ஆய்வாளர் வேறு எதற்காகவோ மாணவர்களைக் கூடுதலாகத் தூங்கச் சொல்லியிருந்தார். அவர்களில் சில நீச்சல் வீரர்கள், தங்கள் நேரம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கூடைப்பந்து அணியின் 11 பேரை, ஐந்து முதல் ஏழு வாரம், இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார். 2011-ல் முடிவு வெளியானது. ஓட்டம் 16.2 விநாடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது, ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் ஏறியது. பதினோரு பேர்தான், ஒப்பிடத் தனி அணி இல்லை, பருவம் முழுக்க ஆடியதாலும் கை பழகியிருக்கலாம். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த 15.5-ஐப் பார்த்தவுடன் என் பழைய நோட்டை எடுத்தேன். 400 மீட்டர், 800 மீட்டர், தேதிவாரியாக நேரம் குறித்து வைத்திருந்தேன். எத்தனை மணிக்குப் படுத்தான் என்று ஒரு கட்டம்கூட இல்லை.

கடைசி இரண்டு வருடம் விசிலை ஆறரைக்குத் தள்ளினேன். முதல்வர், "என்ன சார், வயசாயிடுச்சா?" என்றார். பையன்கள் மிச்சமான ஒன்றரை மணி நேரத்தை இரவில் செல்போனிடம் கொடுத்தார்கள். வார்டனும் நானும் கைப்பேசிகளைப் பிளாஸ்டிக் வாளியில் வாங்கி வைத்துப் பார்த்தோம். நான்காம் நாள் வாளி நிறையப் பழைய பட்டன் போன்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். 800 மீட்டரில் மண்டல அளவில் நின்றவன், இப்போது பேருந்து நடத்துநர். காப்பி குடிக்கும்போது ஸ்டான்ஃபோர்டு கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டான். "சார், நமக்கு அதெல்லாம் ஆகாது. ராத்திரி டூட்டி முடிஞ்சு ஒரு மணிக்குப் படுத்தாலும் நாலே முக்காலுக்குக் கண்ணு தானா தொறந்துக்குது. இன்னைக்கும் உங்க விசில் காதுல கேக்குது சார்."