பரட்டைத் தலையும் பனிமலைக் காற்றும்

அக்கா மகளுக்குப் பதினோரு வயது. தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், என் லேப்டாப்பில் ஒரு ஹேர் டிரையரின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, இதை வாங்கினா என் முடி நேராயிடுமா?"

விலையைப் பார்த்தேன். முப்பதாயிரத்துக்கு மேல். என் முதல் வேலையில் ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு. ஆனால் என்னை நிறுத்தியது விலை இல்லை, அந்த 'நேராயிடுமா'. அவளுக்கு என் முடி. அலை அலையாக வரும், ஆனால் எந்த அலையும் பக்கத்து அலையோடு ஒத்துப்போகாது. குளித்து அரை மணி நேரத்தில் சிலும்பிக்கொண்டு நிற்கும். பள்ளியில் ஒரு டீச்சர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'பரட்டை' என்று கூப்பிட்டதுதான் அதிகம். அதனால் அம்மா தினமும் காலையில் கைநிறைய தேங்காய் எண்ணெய் வைத்து, கண் இழுபடும் அளவுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு அனுப்புவாள்.

இவளையும் யாரோ அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்க்க ஆரம்பித்ததில்தான் விஷயம் பெரிதாகிவிட்டது.

*

தலையைக் காயவைக்கச் சூடான காற்று வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு, தணலில் சாம்பிராணி போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, ஈரக் கூந்தலை அதன்மேல் பரப்பிவிடும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒரு கூடை கிடந்தது. கூந்தலுக்கு அகில் புகையூட்டுவது சங்கப் பாடல்களிலேயே வருகிறது. இதை வைத்து 'ஹேர் டிரையரைக் கண்டுபிடித்தவன் தமிழன்' என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட வேண்டாம். நான் கவனிக்கச் சொல்வது அந்தக் கூடையை. வெப்பம் ஒரே இடத்தில் குத்தாமல், பல துளைகள் வழியாகப் பரவி, மெதுவாக மேலே வருகிறது. முடியை யாரும் இழுப்பதில்லை, அது பாட்டுக்குக் கிடக்கிறது. இந்தக் கூடை கட்டுரையின் கடைசியில் திரும்ப வரும்.

இயந்திரத்தின் கதை பிரெஞ்சு சிகையலங்காரர் அலெக்ஸாந்தர் கோத்ஃப்ருவாவிடம் தொடங்குகிறது. 1888-ஐ ஒட்டி அவர் உருவாக்கியது ஒரு கவிகை. வாடிக்கையாளர் அதற்குக் கீழே உட்கார்ந்துகொள்ள வேண்டும், அடுப்பிலிருந்து ஒரு குழாய் வழியாகச் சூடு வரும். கையில் தூக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. வீட்டில் வாக்குவம் கிளீனர் வைத்திருந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். அது தூசியை உறிஞ்சும் பக்கம் ஒன்று, காற்றைத் துப்பும் பக்கம் ஒன்று. துப்பும் பக்கத்தில் குழாயை மாட்டித் தலையைக் காயவைத்தார்கள். அதை விளம்பரமாகவே போட்டு விற்ற கம்பெனிகளும் உண்டு.

கையில் பிடிக்கும் கருவிக்கு இரண்டு பொருட்கள் தேவைப்பட்டன. ஒன்று, சிறிய மின்மோட்டார். இன்னொன்று, பழுக்கக் காய்ந்தாலும் துருப்பிடித்து உதிர்ந்துபோகாத கம்பி. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து 1906-இல் காப்புரிமை பெற்ற நிக்ரோம், அந்தக் கம்பி. டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் எல்லாம் அதன் பிள்ளைகள்.

1908-இல் பெர்லினின் சானிடாஸ் என்ற கம்பெனி தன் ஹேர் டிரையருக்கு 'ஃபியோன்' என்று பெயர் பதிவு செய்தது. ஆரம்பகாலக் கருவி கிட்டத்தட்ட 2 கிலோ எடை, 300 வாட். ஃபியோன் என்பது ஆல்ப்ஸ் மலையில் வீசும் ஒரு காற்றின் பெயர். ஈரக்காற்று மலையின் ஒரு பக்கம் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது அழுத்தத்தால் சூடேறி, காய்ந்துபோய் வரும். ஒரே நாளில் பனியைக் காணாமல் அடித்துவிடும். ஈரத்தை விட்டுவிட்டு வரும் காற்று! ஒரு பொருளுக்கு இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, நாங்கள் ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைக்கவே ஒரு மீட்டிங் போடுகிறோம். ஜெர்மனியில் இன்றும் ஹேர் டிரையருக்கு அதுதான் பெயர்.

*

அதே ஆல்ப்ஸில், அந்தப் பெயருக்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே முடியைப் பற்றி இன்னொருவர் யோசித்திருக்கிறார். ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் த சொஸ்யூர். மலைகளை ஆராய்ந்தவர், 1787-இல் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறியவர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்தது மனித முடி. சோடா கரைசலில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் முள்ளை இணைத்தார். ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரக்காற்றுக்குப் போகும்போது முடி ஏறக்குறைய 2 சதவீதம் நீள்கிறது. 1783-இல் அவர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் ஈரப்பதம் அளக்க மனித முடி பயன்பட்டது.

முடி ஏன் நீள்கிறது? அதற்கான பதில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் வழியாக வந்தது. கம்பளியும் முடியும் ஒரே புரதம், கெரட்டின். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் கெரட்டின் இழைகளை எக்ஸ்ரேயில் படம் எடுத்தார். சும்மா இருக்கும் இழை ஒரு வடிவத்தைக் காட்டியது, ஈரமாக்கி இழுத்த இழை வேறொன்றைக் காட்டியது. ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். 1951-இல் லைனஸ் பாலிங் குழு புரதத்தின் சுருள் வடிவத்தைக் கண்டுபிடித்து ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்று சொன்னபோது, அந்த ஆல்ஃபா ஆஸ்ட்பரியிடமிருந்து வந்ததுதான்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இவ்வளவுதான். முடிக்குள் இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியம். கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை, உங்கள் முடி அலையா சுருளா என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்புகள் பலவீனமானவை, ஆனால் ஏராளம். தண்ணீர் பட்டால் அவிழும், காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஹேர் டிரையர் செய்வது இந்த இரண்டாவது முடிச்சை மட்டும்தான். இழுத்துப் பிடித்துக் காயவைத்தால் நேராக நிற்கும். வெளியே போனதும் காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கும். ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு அளவில் ஈரம் குடிப்பதால் எல்லாம் ஒரே மாதிரி வளையாது. நாம் சிலும்பல் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

அதாவது பரட்டைத் தலை ஒரு பழுது இல்லை. சொஸ்யூரின் கருவி சொல்லும் அளவு, ஆயிரக்கணக்கான முட்களோடு.

*

அப்படியென்றால் ஹேர் டிரையர் வைத்து முடியை நேராக்கும் பழக்கம் எப்போது வந்தது? நான் நினைத்ததைவிடப் பிந்தித்தான். 1950-களில் லண்டன் சலூன்களில் பெண்கள் தலையில் ரோலர் சுற்றிக்கொண்டு கவிகைக்குக் கீழே நீண்ட நேரம் வெந்துகொண்டிருந்தார்கள். கையடக்க டிரையர் இருந்தது, ஆனால் அலங்காரம் செய்யும் கருவியாக அதை யாரும் நினைக்கவில்லை.

1962-இல் மேஃபேரில் சலூன் நடத்திவந்த ரோஸ் எவான்ஸ்கி, போகிற வழியில் ஒரு முடிதிருத்துபவரைப் பார்த்தார். அவர் ஓர் ஆணின் முன்முடியை பிரஷ்ஷால் தூக்கி, டிரையர் காற்றை அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தார். இதைப் பெண்களுக்கு ஏன் செய்யக் கூடாது? சலூனுக்குத் திரும்பிய எவான்ஸ்கி ஒரு வாடிக்கையாளரிடம் செய்து பார்த்தார். வோக் இதழின் கிளேர் ரெண்டில்ஷாம் அதைப் பார்த்துவிட்டார், செய்தி பரவியது. 'ப்ளோ டிரை' பிறந்தது இப்படித்தான். எவான்ஸ்கி ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர், போருக்குச் சற்று முன் பதின்வயதில் அகதியாக இங்கிலாந்து வந்தவர்.

ரோலரும் கவிகையும் இல்லாமல் தலைவாரிக்கொண்டு கிளம்பலாம் என்பது அன்றைக்கு உண்மையாகவே விடுதலை. ஆனால் அதோடு வேறொன்றும் நடந்தது. நேரான, பளபளப்பான முடி என்பது 'ஒழுங்காகத் தலை வாரிய' முடி என்று ஆனது. 1990-களில் ஆண்ட்ரே வாக்கர் என்ற அமெரிக்க அலங்காரர் முடிக்கு ஒரு வகைப்பாடு கொடுத்தார். நேர்முடி 1, அலை 2, சுருள் 3, நெருக்கமான சுருள் 4. இன்றுவரை எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், நானும் 2சி. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் எந்த முடி ஒன்றாம் நம்பர் என்பதைக் கவனியுங்கள்.

*

இப்போது அந்த முப்பதாயிரம் ரூபாய்க்கு வருவோம். விலை கூடிய டிரையர்களின் காலத்தைத் தொடங்கியது டைசன் சூப்பர்சானிக். 2016 ஏப்ரலில் டோக்கியோவில் அறிமுகமானது, அமெரிக்க விலை 399 டாலர். நிறுவனம் சொன்ன கணக்கு: 4 ஆண்டுகள், 103 பொறியாளர்கள், 600 மாதிரிகள், சோதனைக்கு 1,010 மைல் நீளத்துக்கு முடி. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும்.

பொறியியல் அழகானது, அதை மறுக்க முடியாது. மோட்டாரைத் தலைப்பகுதியிலிருந்து எடுத்துக் கைப்பிடிக்குள் வைத்துவிட்டார்கள், அதனால் மணிக்கட்டு வலி குறைவு. நிமிடத்துக்கு 1,10,000 சுற்று. அதாவது நொடிக்கு 1,833. விசிறியில் வழக்கமான 11 இதழ்களுக்குப் பதில் 13. பெருக்கிப் பாருங்கள்: 11 என்றால் ஏறக்குறைய 20,200 ஹெர்ட்ஸ், 13 என்றால் 23,800. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. இரண்டு இதழ்களைக் கூட்டி, ஒரு சத்தத்தைக் காதுக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வெப்பநிலையை நொடிக்கு 20 முறை அளந்து, எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் அது 1,600 வாட். இரண்டாயிரம் ரூபாய் டிரையர்களிலும் 1,600 வாட் கிடைக்கும். வெப்பம் வருவது சுவரிலிருந்து, அங்கே யாரும் மந்திரம் செய்ய முடியாது. துவட்டிய பிறகு தலையில் 50 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்க ஏறக்குறைய 120 கிலோஜூல் போதும், 1,600 வாட்டில் 75 நொடி. நிஜத்தில் பத்து நிமிடம் ஆகிறது. மீதிச் சூடெல்லாம் அறைக்குப் போகிறது. ஆகவே நல்ல டிரையர் என்றால் அதிகச் சூடு இல்லை, அளவான சூட்டில் அதிகக் காற்று. நாம் காசு கொடுப்பது இதற்கு. நேரம், எடை, சத்தம், சூட்டின் மீது கட்டுப்பாடு. சிலும்பலை ஒழிப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

சூடு முடியைக் கெடுக்குமா? 2011-இல் கொரிய தோல் மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. டிரையரை 5 செ.மீ. தூரத்தில் பிடித்தால் முடியில் 95 டிகிரி, 15 செ.மீ. தள்ளினால் 47 டிகிரி. கிட்டே பிடித்தபோது முடியின் மேற்பரப்பு நன்றாகவே சேதமானது. ஆனால் இயல்பாகக் காயவிட்ட முடியில் மட்டும், உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் பாதிக்கப்பட்டிருந்தது. நீண்ட நேரம் ஊறிக்கிடப்பதும் நல்லதில்லை போல. 15 செ.மீ. தள்ளி, கையை ஆட்டிக்கொண்டே காயவைப்பது நல்லது என்பது அவர்கள் முடிவு. பத்து செ.மீ. பின்னால் இழுக்கக் காசு ஆகாது.

*

ஒரு தோழியிடம் விலை கூடிய இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு கடன் வாங்கி, தலையை நடுவகிடு எடுத்து, வலது பக்கம் அது, இடது பக்கம் என் பழைய டிரையரில் டிஃப்யூசர் மாட்டி. டிஃப்யூசர் என்றால் துளைகள் போட்ட அகலமான கிண்ணம், காற்றைப் பரப்பிவிடும். ஆமாம், பாட்டி வீட்டுக் கூடையேதான். வலது பக்கம் சீக்கிரம் காய்ந்தது, பளபளப்பும் கொஞ்சம் கூடுதல். ஈரப்பதம் 80 சதவீதம் இருந்த சாயங்காலத்தில் கடைக்குப் போய் வந்து கண்ணாடி பார்த்தேன். எந்தப் பக்கம் எது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. "ரெண்டு பக்கமும் உன் முடி மாதிரிதான்டி இருக்கு" என்றாள்.

எனவே முடிவு. தினமும் காலையில் அவசரம், முடி அடர்த்தி, கை வலி, காசும் இருக்கிறது என்றால் வாங்கலாம், நல்ல கருவி. அலை அலையாகவே இருக்கட்டும், சிலும்பல் மட்டும் குறைய வேண்டும் என்றால், டிஃப்யூசர், குறைந்த சூடு, குறைந்த வேகம், காயும்வரை கையை வைக்காமல் இருப்பது. இது எந்த விலை டிரையரிலும் முடியும். நேராக வேண்டும் என்று வாங்குவதானால் வேண்டாம். தி.நகர் பஸ் ஸ்டாப்பின் ஈரத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் சரி செய்யவில்லை.

அக்கா மகளிடம் சொன்னேன்: "ஆகாது. மூணு மணி நேரம் இருக்கும், அப்புறம் திரும்பிடும்." அவள் முகம் விழுந்துவிட்டது. இரண்டாயிரம் ரூபாய் டிரையரும் டிஃப்யூசரும் வாங்கிக் கொடுத்ததில் பாதிதான் தேறியது. அப்புறம் சொஸ்யூரைப் பற்றிச் சொன்னேன்.

சீப்பிலிருந்து அவளுடைய நீளமான முடி ஒன்றை எடுத்தோம். ஒரு அட்டை, குண்டூசி, ஸ்ட்ரா. முள் அசையவே இல்லை. "நாம எண்ணெயை எடுக்கலையே" என்று அவளே கண்டுபிடித்தாள். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் முடியை அலசி, திரும்பக் கட்டினோம். மறுநாள் மதியம் மழைக்கு முன்னால் ஸ்ட்ரா இரண்டு கோடு கீழே இறங்கியது. ஹாலிலிருந்து கத்தினாள், "சித்தி, என் முடிக்குத் தெரிஞ்சிடுச்சு!"

அந்த அட்டையைப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துப் போகிறாளாம். தலைப்பு என்ன வைக்கலாம் என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன், அவளுக்குப் பிடிக்கவில்லை. அட்டையின் மேலே கொட்டை எழுத்தில் அவளே எழுதியிருக்கிறாள்: 'பரட்டை மீட்டர்'.