ஒன்பதா, பதினைந்தா?

2012 மின்வெட்டை வெள்ளகோவில் விசைத்தறிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொட்டென்று கரன்ட் போனால் நாடா பாவுக்கு நடுவிலேயே நின்றுவிடலாம். நாலு இழை அறுந்தாலும் பிணைத்துவிட்டு ஓட்டலாம். ஆனால், பில் போடும் கம்ப்யூட்டரில் பாதி எழுதிய கணக்கு? அதற்கு முடிச்சுப் போட முடியாதே!

இந்த அவஸ்தையை கம்ப்யூட்டர் மேதைகளும் கொஞ்சம் லேட்டாகத்தான் யோசித்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது யுனிக்ஸ். திரையில் தலைகாட்டாமல் பின்னணியில் உழைக்கும் புரோகிராம்களை நிறுத்த, அதில் 'கில்' என்றொரு கட்டளை. (பெயரே கொலைவெறி!) 1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் வெறுமனே 'கில்' என்று தட்டினால், பாய்வது 9-ம் நம்பர் சிக்னல். அப்பீலே கிடையாது. கையில் இருந்த வேலையோடு ஆள் காலி!

1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் அந்த 9, 15 ஆனது. 'ஏனுங்க, கடையைக் கட்டப்போறோம். கையில இருக்கறத முடிச்சுட்டுக் கிளம்புங்க' என்கிற தாக்கீது அது. புது வேலை வாங்காமல், பாதியில் நிற்பதை எழுதி முடித்து, ஃபைலை மூடிவிட்டுத் தானாக விடைபெறலாம். அடம்பிடித்தால் இருக்கவே இருக்கிறது, 9!

சரி, கரன்ட் போன பிறகு தாக்கீது அனுப்ப ஏது நேரம்? அந்தச் சில நிமிடங்களை வாங்கித்தரத்தான் யு.பி.எஸ். பேட்டரி தீரும் முன்பே ஒயர் வழியாக கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிவிடும் மாடல்களும் உண்டு. நம்ம ஆட்களோ, அது கீச் கீச்சென்று கத்தக் கத்த, இன்னும் ரெண்டு பில் போடுவார்கள்.