அமெரிக்க வெள்ளி டாலர்கள்: ஓரெழுத்தின் விலை

அமெரிக்காவில் பழம்பொருள் கடைகளிலும் கராஜ் சேல்களிலும் உள்ளங்கையை நிறைக்கும் வெள்ளி நாணயம் ஒன்று அவ்வப்போது கண்ணில் படும். பெரும்பாலும் அது மார்கன் டாலராகவோ பீஸ் டாலராகவோ இருக்கும். மார்கன் டாலர் 1878 முதல் 1904 வரையிலும், பின்னர் 1921-லும் அச்சானது. பீஸ் டாலர் 1921 முதல் 1928 வரையிலும், பிறகு 1934, 1935-லும் வந்தது. (2021 முதல் சேகரிப்பாளர்களுக்காக வெளிவந்தவை வேறு.) இரண்டுக்கும் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, அதாவது சுமார் 24 கிராம். அன்றைய வெள்ளி விலையை 24 கிராமுக்குக் கணக்கிட்டால் அடிமட்ட மதிப்பு தெரிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஆண்டு, நாணயச்சாலைக் குறி, தேய்மானம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

குறி எங்கே?

மார்கன் டாலரின் பின்பக்கத்தில், இலைமாலையின் முடிச்சுக்குக் கீழே, 'டாலர்' என்னும் சொல்லுக்குச் சற்று மேலே பாருங்கள். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' என்றால் நியூ ஆர்லியன்ஸ், 'சிசி' என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி. 'டி' என்றால் டென்வர். மார்கனில் இது 1921-இல் மட்டுமே உண்டு. எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. (நம்மூர் நாணயங்களில் கல்கத்தாவுக்குக் குறி இல்லாதது போலத்தான்.) பீஸ் டாலரில் குறி, பின்பக்கத்தில் 'ஒன்' என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும்.

எண்ணிக்கை மட்டும் போதாது

1921-இல் பிலடெல்பியாவில் 4.4 கோடிக்கும் அதிகமான மார்கன் டாலர்கள் அச்சாயின. 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை ஒரு லட்சம்தான். முன்னது வெள்ளி விலையை ஒட்டியே போகும். பின்னது தேய்ந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் பெறும்.

ஆனால் அச்சானவை எல்லாம் பிழைத்திருக்கவில்லை. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கவே, அரசின் கையிருப்பு வற்றியது. பிரிட்டனுக்கு உதவ 1918-இல் பிட்மன் சட்டம் வந்தது. 27 கோடி டாலர்கள் உருக்கப்பட்டு, அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறியது. நம் கொள்ளுப்பாட்டிகளின் சுருக்குப்பையில் இருந்த ரூபாயில் கொஞ்சம் அமெரிக்க டாலரும் கலந்திருக்கலாம்!

எந்த ஆண்டு நாணயங்கள் உருகின என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1903-ஆம் ஆண்டின் நியூ ஆர்லியன்ஸ் டாலர் அநேகமாக அழிந்தே போனதென்று நம்பி, அதற்குப் பெரும் விலை கொடுத்தார்கள். 1962 இறுதியில் அரசுக் கருவூலத்திலிருந்து அவை மூட்டை மூட்டையாக வெளிவர, விலை சரிந்தது.

வாங்குமுன்

சாதாரண நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டி 1893 என ஏமாற்றுவது பழைய வேலை. அசலான அந்த ஒரு லட்சத்துக்கும் தலைப்பக்க அச்சு ஒன்றே. ஆகவே 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்தின் உச்சியில் சிறு சாய்கோடு இருக்க வேண்டும். எடை போடுங்கள், காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியல்ல. விலை உயர்ந்தவற்றை, பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தரம்பிரித்து உறையிட்டதாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

கடைசியாக ஒன்று: வெள்ளிக் குத்துவிளக்கைப் போல விபூதி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். நூறாண்டுக் கருமையைச் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். துலக்கிய கீறலுக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள்.